சூளைக்காரர் வீட்டில் என் முகம்

அம்மாவுக்கு முதல் சந்தேகம் என் சடையைப் பார்த்துத்தான் வந்தது. அப்போது எனக்கு ஆறு வயது. பூந்தமல்லியில் எங்களுக்கு ஒரு சின்னப் பூந்தோட்டம் இருந்தது. நைனா விடிந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு நசரத்பேட்டை வரைக்கும் போய் வாடிக்கை வீடுகளில் பூ கொடுத்துவிட்டு வருவார். திடீரென்று ஒரு வாரம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பக்கத்துத் தெருவுக்குக்கூட என்னை அழைத்துப் போகாத மனிதர் என்பதால் அதுவே அம்மாவுக்கு உறுத்தியது. மூன்றாம் நாள் நான் திரும்பி வந்ததும் என்னைத் திருப்பி நிறுத்தி, சடையைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

அம்மா சடை போட்டால் கண் இரண்டும் மேலே இழுத்துக்கொள்ளும். அன்றைக்கு என் முதுகில் தொங்கிய சடை தொளதொளவென்று இருந்தது. ரிப்பன் முடிச்சும் வேறு.

“இத்த யாருடி போட்டது?”

“நைனா.”

“உங்க நைனாவுக்கு வேட்டியே நேரா கட்டத் தெரியாது. யார் போட்டாங்க சொல்லு?”

 அம்மா என் பாவாடையை மோந்து பார்த்தாள். கற்பூரத் தைலத்தின் நெடி அடித்தது. நசரத்பேட்டையில் நைனாவுக்கு ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கு மூட்டுவலி, தைலம் தேய்த்துக்கொள்கிறாள், என்னை மடியில் போட்டுக் கொஞ்சிச் சடை பின்னிவிடுகிறாள் என்று ஒரு முழுக் குடித்தனத்தையே அன்று சாயங்காலத்துக்குள் அம்மா கட்டி முடித்துவிட்டாள். நானும் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. அம்மாவிடமிருந்து எனக்கு வந்த சொத்து அது ஒன்றுதான்.

நடந்தது வேறு. அதை நைனா பிற்பாடு மூன்று தடவை சொன்னார், மூன்று தடவையும் மூன்று விதமாகச் சொன்னார். மூன்றிலும் பொதுவாக இருந்ததை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

நசரத்பேட்டையில் செங்கல் சூளை வைத்திருந்த ஒருவரின் ஒரே பெண் நாலு நாள் ஜுரத்தில் போய்விட்டது. என் வயதுதான். அந்தக் குழந்தைக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று எங்கள் பக்கத்தில் அப்போது எல்லோரும் நம்பினார்கள். ஏதோ ஒரு கல்யாணத்தில் போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதும், அந்தத் தாயார் குழந்தையை முந்தானையால் முழுக்க மூடிக்கொண்டாராம். குழந்தை போன பிறகு, பார்க்க ஒரு முகம் இல்லையே என்று மாரில் அடித்துக்கொண்டு கிடந்தார். சோறு இறங்கவில்லை. சூளைக்காரர் பயந்துபோய்ப் பட்டணத்திலிருந்து நாடகத் திரை எழுதுகிற ஓவியர் ஒருவரைக் கூட்டிவந்தார்.

ஓவியருக்குப் பார்த்து எழுத ஒன்றும் இல்லை. மூக்கு எப்படி என்று கேட்டால் சூளைக்காரர் “நல்லா இருக்கும்” என்பாராம். கண் எப்படி என்றால் அதற்கும் “நல்லா இருக்கும்” என்பாராம். அப்படியே இரண்டு படம் எழுதினார். தாயார் இரண்டையும் பார்த்து “யாரு இது?” என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து நைனாவுக்குப் பின்னால் நான் ஒரு முழம் கதம்பத்தைப் பிடித்துக்கொண்டு சூளைப் பக்கம் போயிருக்கிறேன். ஏன் அன்றைக்குப் போனேன், யார் என்னை வரச்சொன்னார்கள் என்பதில்தான் நைனாவின் மூன்று கதைகளும் முட்டிக்கொள்ளும். போன பெண்ணின் சாயல் அப்படியே இருக்கிறது என்று சூளைக்காரர் என்னைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாராம்.

இரண்டு ஆண்களும் பேசி முடித்தார்கள். சூளைக்காரர் தன் மனைவியிடம் சொல்லக்கூடாது, நைனா தன் மனைவியிடம் சொல்லக்கூடாது. நடுவில் நான் யாரிடமும் சொல்லக்கூடாது.

அந்த ஆறு காலை நேரங்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. சூளையோரம் கணக்கெழுதும் ஓலைக் கொட்டகைக்குள் ஒரு முக்காலி. கணக்கப்பிள்ளையின் மனைவி வந்து என் ஒற்றைச் சடையை அவிழ்த்து இரட்டையாகப் பின்னுவாள். பச்சைப் பட்டுப் பாவாடை ஒன்றை உடுத்திவிடுவாள். எனக்கு இடுப்பில் அது கொஞ்சம் பெரிது, ஊக்கு போட்டுப் பிடித்தார்கள். எல்லாம் முடிந்ததும் மறுபடி ஒற்றைச் சடை. வெளியே இன்னும் சுடாத பச்சைக் கல் அடுக்குகிறவர்களின் சத்தம். உள்ளே ஓவியர் சாயத்தைக் கற்பூரத் தைலத்தில் குழைத்துவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தூரிகையை என் முகத்துக்கு நேரே நீட்டி அளப்பார். எதை எடுக்கலாம் என்று பார்க்கிறார் என எனக்குப் பயமாக இருந்தது.

“யாரு பாவாடை இது?” என்று நைனாவைக் கேட்டேன்.

“வாய மூடிக்கினு உக்காரு. ஊட்டுல சொன்னே, தோல உரிச்சிடுவேன்.”

மிரட்டலுக்குப் பிறகு ஒரு கடலை உருண்டை. ஆறு நாளும் ஆறு கடலை உருண்டை. அதற்காகத்தான் நான் அம்மாவிடம் பொய் சொன்னேன் என்பதை மறைக்க ஒன்றுமில்லை. படம் முடிந்தபோது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, காட்டவில்லை. அதைப் பார்த்த தாயார் எழுந்து உட்கார்ந்து, சட்டத்தோடு சேர்த்து மடியில் வைத்துக்கொண்டு அன்றைக்குச் சாப்பிட்டார் என்று மட்டும் நைனா சொன்னார்.

அதற்கப்புறம் அந்த வீட்டிலிருந்து தினமும் இரண்டு சாண் மாலை ஒன்று வேண்டும் என்று வாடிக்கை வந்தது. செத்துப்போன குழந்தையின் படத்துக்கு என்றதும் அம்மா மற்ற வேலையைத் தள்ளிவைத்துவிட்டு அதை முதலில் கட்டினாள். மல்லி, இடையிடையே வாசனைக்கு மருத் தழை. “பாவம், பொண்ண வாரிக் குடுத்த ஊடு” என்று சொல்லிக்கொண்டே நெருக்கமாகக் கட்டுவாள். அந்த மாலையை மட்டும் தானே கொண்டுபோவேன் என்று நைனா அடம்பிடித்தார். அம்மா கண்ணை இடுக்கிப் பார்த்தாள். அவள் கட்டிய குடித்தனம் இன்னும் இடிந்திருக்கவில்லை.

ஒரு வருஷம் ஓடியது. எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண்களுக்கு வருஷத்துக்கு ஒரு நாள் புதுத்துணி வைத்துப் படைப்பார்கள். பூவாடைக்காரி என்று சொல்வார்கள். போனவள் அன்றைக்கு வீட்டுக்கு வந்து அந்தத் துணியை உடுத்தி, பூவை வைத்துக்கொண்டு போவாள் என்று நம்பிக்கை. அன்றிலிருந்து அவள் அந்த வீட்டுக்குச் சாமி. சூளைக்காரர் வீட்டுப் படையலுக்குப் பெரிய மாலை சொல்லியிருந்தார்கள். நைனாவுக்கோ குதிகாலில் முள் ஏறிக் காலை ஊன்ற முடியவில்லை. அம்மா மாலையை எடுத்துக்கொண்டு தானே கிளம்பினாள். போவது படையலுக்கு இல்லை, நைனாவின் ஆளைக் கண்டுபிடிக்கத்தான் என்பது எனக்குக்கூடத் தெரிந்தது.

போன கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்துவிட்டாள். ஓடி வந்திருக்க வேண்டும். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த என்னை இழுத்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். நகத்தைப் பார்த்தாள். பிறகு “குதி” என்றாள்.

குதித்தேன்.

“இன்னொரு வாட்டி குதி.”

மறுபடியும் குதித்தேன். அப்படியே என்னைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். சூளைக்காரர் வீட்டுக் கூடத்தில் தங்கநிறச் சட்டத்துக்குள், பச்சைப் பட்டுப் பாவாடையில், கண்ணாடி மேல் சந்தனமும் குங்குமமும் வைத்து நான் நின்றுகொண்டிருந்தேனாம். கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்களாம். ஒரு வருஷமாகத் தன் கையால் கட்டி அனுப்பிய மாலையெல்லாம் யார் கழுத்துக்குப் போனது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

“இன்னாய்யா பண்ணே?” என்று உள்ளே போய் நைனாவைக் கேட்டாள். “எம்பொண்ண உசுரோட வச்சிக்கினே மாலை போட்டுக் கும்புடுறாங்கய்யா.”

நைனா வீங்கிய காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். அது அவருடைய முதல் கதை. கடைசியில், “மொகந்தானேமே குடுத்தேன், கைய கால வெட்டியா குடுத்தேன்?” என்றார்.

அம்மா அவரோடு பேசுவதை நிறுத்தினாள். அந்த வீட்டுக்கு மாலை கட்டுவதையும் நிறுத்தினாள். உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு மாலை விழுந்தால் அந்த உயிர் தங்காது என்பதில் அவளுக்கு ஒரு பொட்டுச் சந்தேகமும் இல்லை. எல்லாவற்றையும் சந்தேகிக்கிறவள் அதை மட்டும் அப்படியே நம்பினாள். நைனா தானே உட்கார்ந்து கோணல்மாணலாக ஒரு மாலையைக் கட்டி எடுத்துக்கொண்டு, நொண்டி நொண்டிப் போய் வந்தார்.

அடுத்த மாதமே எனக்கு ஜுரம் வந்தது. குளிரடித்து, பல் கிட்டி, விட்டு விட்டு வரும் ஜுரம். தர்மாஸ்பத்திரியில் கசப்பு மருந்து ஒரு பாட்டிலில் கொடுத்தார்கள். அம்மா அதைப் புகட்டினாள், ஆனால் அதை நம்பவில்லை. தெருவில் பாதிப் பேருக்கு அதே ஜுரம் இருந்தது. அதையும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் ஜுரம் எந்த வீட்டுச் சுவரிலிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும். நான் எழுந்து நிற்க முடிந்த முதல் நாள் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். படத்தைக் கழற்றச் சொல்வது, மாட்டேன் என்றால் தானே இழுத்துப் போட்டு உடைப்பது. வழி முழுக்க அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள், எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

சூளைக்காரர் மனைவி படத்துக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து முறத்தில் உளுந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் நினைத்ததைவிடச் சின்ன வயது. ‘அந்த வீட்டு அம்மா’ என்று கேட்டுக் கேட்டுக் கிழவி என்று நினைத்திருந்தேன். அம்மா என்னை இறக்கிப் படத்துக்குக் கீழே நிறுத்தினாள். நான் அண்ணாந்து பார்த்தேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். எங்கள் வீட்டில் இருந்தது ரசம் போன ஒரு கையகலக் கண்ணாடி. என் முகத்தை முழுசாக நான் பார்த்ததே அந்தப் படத்தில்தான்.

“இந்தப் படத்துல கீறது யாருன்னு நல்லா பாரும்மா” என்றாள் அம்மா. “பாத்துட்டு இவளையும் பாரு.”

அந்த அம்மா பார்த்தார். ஜுரத்தில் நான் பாதியாகியிருந்தேன், ஆனாலும் நான்தான். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சூளைக்காரர் வாசல்படியில் வந்து நின்று, அம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் அப்படிக் கும்பிட்டதிலிருந்தே அவர் மனைவிக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்து, புருவத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

“அப்ப எம்பொண்ணு மொகம் எது?” என்றார்.

விரலை எடுத்துவிட்டுப் படத்தின் பக்கம் திரும்பினார்.

“நெனப்புக்கு வரலியே. கண்ண மூடினா இந்தப் படந்தான் வருது. எம்பொண்ணு எப்டி இருப்பா? நீங்களாவது சொல்லுங்களேன்.”

சூளைக்காரர் வேறு பக்கம் பார்த்தார். அம்மாவின் வாய் திறந்தது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வசனம் வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன்.

“நானும் அன்னிக்குத் தூரத்துல பாத்துட்டு அப்டித்தாம்மா நெனச்சிக்கினேன்” என்றாள் அம்மா. “இப்ப கிட்ட வந்து பாத்தா இல்ல. எங்கூட்டுக் கழுதைக்கு மூக்கு சப்ப, பாரு. காது பாரு, முறம் கணக்கா. இது உன் பொண்ணுதாம்மா. இவ ஜொரத்துல கெடந்தாளா, எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு.”

அந்த அம்மா மறுபடி என்னைப் பார்த்தார். என் மூக்கைப் பார்த்தார். நம்பினாரா, நம்ப வேண்டும் என்று முடிவு செய்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. “ஆமா, மூக்கு வேற” என்று மெதுவாகச் சொன்னார். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

வழியில், “அது நான்தானேம்மா?” என்று கேட்டேன்.

“நீ இல்ல.”

“நான்தான். அந்தப் பாவாடை போட்டுக்கினு நான்தான் முக்காலில குந்திக்கினு இருந்தேன்.”

“யார் கேட்டாலும் நீ இல்ல. வாய மூடிக்கினு வா.”

எனக்கு அழுகையும் கோபமும் பொத்துக்கொண்டு வந்தன. மூக்கு சப்பை என்றதற்காக மட்டும் இல்லை. என் உயிரைக் காப்பாற்றக் கூட்டிப்போய், அங்கேயே என்னை விட்டுக்கொடுத்துவிட்டு வருகிறாள் என்று தோன்றியது. முகத்தை நைனா கொடுத்தார் என்றால் மீதியை அம்மா கொடுத்துவிட்டாள். வெகுநாள் அந்தக் கோபம் எனக்குப் போகவில்லை.

மறுநாள் காலையில் அம்மா பழையபடி அந்த மாலையைக் கட்ட உட்கார்ந்தாள். கட்டி முடித்ததும் என்னைக் கூப்பிட்டு, என் கழுத்தில் போட்டாள். அடுப்பில் உலை கொதிக்கும் வரைக்கும் என்னை அப்படியே நிற்க வைத்திருந்துவிட்டுக் கழற்றிக் கூடையில் வைத்தாள்.

நைனா திகைத்துப் போனார். “சாமியா வச்சிக் கும்புடுறாங்க. போட்டு அவுத்தத அனுப்புறியே, பாவமில்லியா?”

“உசுரோட கீறவ போட்டுக்கினு அவுத்த மாலை. இது சாவு மாலையில சேராது” என்றாள் அம்மா. “நீ பண்ண வேலைக்கு இதுதான் மருந்து. எத்துகினு போ.”

அதிலிருந்து தினமும் அப்படித்தான். நான் பல் விளக்கியதும் போய்க் கழுத்தை நீட்ட வேண்டும். ஈர மல்லி கழுத்தில் சில்லென்று ஒட்டும். வெளியே யாருக்கும் தெரியக்கூடாது என்று கதவைச் சாத்திவைத்துக்கொண்டு செய்வாள். ஜுரம் நின்றது. கசப்பு மருந்து இரண்டு பாட்டில் உள்ளே போயிருந்ததை யாரும் பேசவில்லை, மாலைக்குத்தான் பேர் போனது.

சில மாதம் கழித்து, பூக்காரம்மாவை உடனே வரச்சொல் என்று சூளைக்காரர் வீட்டிலிருந்து ஆள் வந்தது.  நைனாதான் உளறியிருக்கிறார் என்று அம்மா அவரை ஒரு முறை முறைத்துவிட்டு, என்னைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள். ஏதாவது ஆனால் என்னையும் விழவைத்துத் தானும் அந்த அம்மாவின் காலைப் பிடித்துவிடுவது என்ற எண்ணமாக இருக்கலாம்.

அந்த அம்மா எங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். முகம் கொஞ்சம் சதை போட்டிருந்தது. மாடத்திலிருந்து ஒரு சின்ன வெள்ளிக் குங்குமச் சிமிழை எடுத்து வந்து திறந்து காட்டினார். உள்ளே குங்குமம் இல்லை. மெல்லிசாக, நீளமாக, சுருட்டிவைத்த ஐந்தாறு தலைமுடி இருந்தது.

“யாராண்டயும் சொல்லாத” என்றார். “எம்பொண்ணு வரா.”

அம்மா சிமிழையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாலைய மாத்தும்போது பூவுல சிக்கிக்கினு கீது. கொழந்த முடி. எங்கூட்டுல வேற கொழந்த ஏது? படையல் அன்னிக்கு மட்டும் வருவாங்கன்னு சொல்லுவாங்க. எம்பொண்ணு தெனம் வந்து போட்டுக்கினு போறா.” பிறகு குரல் இறங்கியது. “ஆனா இப்ப இருவது நாளா ஒண்ணும் காணோம். அதான் உன்ன கூப்ட்டேன். பூவுல எதுனா தீட்டு கீட்டு பட்டுச்சா? எம்மேல கோவமா அவளுக்கு?”

ஜுரத்துக்குப் பிறகு கொட்டிக்கொண்டிருந்த என் முடி அப்போதுதான் கொட்டாமல் நின்றிருந்தது. தினம் எண்ணெய் வைத்துத் தலையை வாரிவிடுகிற அம்மாவுக்கு அது தெரியாமல் இருக்குமா? நான் வாயைத் திறக்கப் போனேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

“கோவமெல்லாம் இல்லம்மா” என்றாள். “கொழந்தைங்கதானே. வெளையாட்டு பராக்குல மறந்திருக்கும். வருவா.”

“வருவாளா?”

“வருவா.”

 வீட்டுக்கு வந்து அம்மா இதை நைனாவிடம் சொல்லவில்லை. சீப்பில் வரும் முடியைக்கூடத் துப்பிச் சுருட்டி அடுப்பில் போடுகிறவள் அவள். பெற்ற பிள்ளையின் முடி ஒன்று அடுத்தவர் கையில் சிக்கினால் அதை வைத்து என்னென்ன செய்வார்கள் என்று எனக்குக் கதை கதையாகச் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு நான் நினைத்தது, இனிமேல் மாலையை என் கழுத்தில் போடமாட்டாள், போட்டாலும் முடியை ஒதுக்கிக் கட்டிவிட்டுத்தான் போடுவாள் என்று.

மறுநாள் காலையில் மாலையைக் கட்டி முடித்து என்னைக் கூப்பிட்டாள். கழுத்தில் போட்டு, உலை கொதித்ததும் கழற்றினாள். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். பிறகு என் பின்னந்தலையில் விரலை விட்டுத் தேடி, நல்ல நீளமாக ஒரு முடியைப் பிடித்து வேரோடு பிடுங்கி, மருவுக்கும் மல்லிக்கும் நடுவில் சுற்றிவிட்டாள்.

நான் “ஸ்ஸ்” என்றேன்.

“சும்மா நில்லுடி” என்றாள் அம்மா. “அங்க ஒருத்தி காத்துக்கினு கீறா.”